கூரையில் தீர்மானமாகும் இணையம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில் நடமாடும் மருத்துவ வண்டி ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே இறங்கி நின்று பேசினால் செல்பேசியில் குரல் தெளிவாகக் கேட்கிறது; படம் அனுப்பினால் உடனே போகிறது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் நிலைமை மாறிவிடுகிறது. நோயாளியின் இசிஜி படம் பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறியைத் தாண்டி எதுவும் நகரவில்லை, கோவையில் இருக்கும் மருத்துவரின் முகம் திரையில் உறைந்துபோகிறது. செல்பேசி அதேதான், சிம் அதேதான், கோபுரமும் நகரவில்லை. நாம் நகர்ந்த தூரம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. இந்தச் சிக்கலுக்குப் பலரும் சொல்லும் தீர்வு, விலை கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கி வண்டியில் வைப்பது. ஆனால் வண்டிக்குள் கிடைக்கும் இணையத்தின் தரம், அலை ரவுட்டருக்குள் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே பணத்தையும் கவனத்தையும் முதலில் பெற வேண்டியவை கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவும், அங்கிருந்து ரவுட்டர் வரை வரும் சில அடி கேபிளும்தான். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வண்டியின் உடல் உலோகத் தகடு. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் தங்குதடையின்றி ஓடக்கூடியவை. மின்புலம் ஒன்று வந்து மோதினால் அவை உடனே இடம்பெயர்ந்து, அந்தப் புலத்தை உள்ளே விடாமல் ஈடுகட்டிவிடுகின்றன. 1836இல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 12 அடி நீள, அகல, உயரத்தில் ஒரு கூண்டு செய்து, அதை உலோகத் தாளால் மூடி, வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்னேற்றம் செய்யச் சொல்லி, தாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நுட்பமான கருவிகளை வைத்துப் பார்த்தும் உள்ளே மின்னேற்றத்தின் சுவடே இல்லை. அது அசையாத மின்புலத்துக்கான சோதனை. அலைகளுக்கும் இதே தடை உண்டு என்பதை அரை நூற்றாண்டு கழித்து ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் காட்டினார். கார்ல்ஸ்ரூஹே நகரில் தம் விரிவுரைக் கூடத்துச் சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, தாம் உண்டாக்கிய ரேடியோ அலைகள் அதில் பட்டுத் திரும்பி வருவதை அளந்தார். ஆக, செல்பேசிக் கோபுரத்து அலை வண்டியின் தகட்டில் மோதும்போது ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பப்படுகிறது.

அப்படியானால் வண்டிக்குள் சிக்னலே இருக்கக் கூடாதே என்று கேட்கலாம். கொஞ்சமாவது உள்ளே வருவதற்குக் காரணம் கண்ணாடி ஜன்னல்கள். ஒரு திறப்பின் வழியே அலை புகுமா என்பதை, அந்தத் திறப்பின் அகலத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள உறவு தீர்மானிக்கிறது. இந்தியாவில் புழங்கும் 4ஜி, 5ஜி அலைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. காரின் ஜன்னல் இவற்றைவிடப் பெரியது. அதனால் அலை உள்ளே வருகிறது. மருத்துவ வண்டி, நடமாடும் ஏடிஎம், ஆம்புலன்ஸின் பின்பகுதி போன்றவற்றில் ஜன்னல் குறைவு, தகடு அதிகம். அங்கே அலை நுழையக் கிடைப்பது ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியும் ஓரிரண்டு சிறு திறப்புகளும்தான்.

எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் அளந்திருக்கிறார்கள். செல்பேசித் தொழில்நுட்பத்தின் விதிகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற உலகக் கூட்டமைப்பு, 5ஜி வடிவமைப்பாளர்களுக்கான தன் அலைப்பரவல் ஆவணத்தில், காருக்குள் நுழையும்போது அலை இழக்கும் வலுவைச் சராசரியாக 9 டெசிபெல் என்று கொள்ளச் சொல்கிறது. கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் 20 டெசிபெல். டெசிபெல் என்பது மடங்குகளைச் சொல்லும் அளவு: 3 டெசிபெல் போனால் வலு பாதியாகும், 10 போனால் பத்தில் ஒன்றாகும், 20 போனால் நூறில் ஒன்றாகும். 9 டெசிபெல் என்றால் எட்டில் ஒரு பங்கு. வெயிலின் சூட்டைத் தடுக்க இன்று சில கார்களின் முன்கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் படலம் பூசப்படுகிறது. அப்படிப்பட்ட கார்களில் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டிச் சிறு பகுதியை மட்டும் பூச்சில்லாமல் விட்டுவைப்பது வழக்கம்; ஃபாஸ்டேக் வில்லையை அங்கேதான் ஒட்டச் சொல்வார்கள். ஃபாஸ்டேக் இயங்குவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையில். பூச்சின் மேல் ஒட்டினால் சுங்கச்சாவடிக் கருவியால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். இதே தொல்லையால் ஜெர்மனியில் ரயில் ஜன்னல்களின் உலோகப் பூச்சை லேசரால் நுண்ணிய கோடுகளாகக் கீறி, சூட்டை நிறுத்தி அலையை மட்டும் விடும்படி செய்கிறார்கள்.

எட்டில் ஒரு பங்கு போதாதா, அதைப் பெருக்கிக்கொண்டால் ஆகாதா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. அதற்கு இரைச்சல் என்ற கருத்து வேண்டும். 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன், எந்த மின்தடையும் மின்கலத்தோடு இணைக்கப்படாமல் சும்மா இருக்கும்போதே சிறு மின்னழுத்தம் ஒன்றை ஒழுங்கின்றி உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அளந்து வெளியிட்டார். சூடு இருக்கும்வரை எலக்ட்ரான்கள் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம்தான் வெப்ப இரைச்சல். அதன் அளவை அவருடைய சக ஊழியர் ஹாரி நைக்விஸ்ட் கணக்கிட்டுக் காட்டினார். எவ்வளவு நேர்த்தியாகச் செய்த கருவியானாலும் அறை வெப்பநிலையில் இந்த இரைச்சலுக்குக் கீழே போக முடியாது. இயற்கை போட்ட தரைமட்டம் அது. 4ஜி அலைவரிசையின் ஒரு நுண்கூறுக்கு, அதாவது 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, இந்தத் தரைமட்டம் சுமார் மைனஸ் 132 டிபிஎம். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் கணக்கு. வாங்கும் கருவியின் சொந்த இரைச்சல் இன்னும் சில டெசிபெல் சேர்ந்து, நடைமுறையில் தரைமட்டத்தை மைனஸ் 125 பக்கம் உயர்த்திவிடுகிறது.

மேளமும் நாதஸ்வரமும் முழங்கும் கல்யாண மண்டபத்தில் எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை என்றால், அதை மைக்கில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டுப் பயனில்லை. பேச்சோடு மேளமும் சேர்ந்தே பெருகும். முன்பு கேட்காத சொல் இப்போதும் கேட்காது, சத்தம்தான் கூடும். பேச்சை, மேளம் அதோடு கலப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டும். மைக்கைப் பேசுபவரின் வாயருகே கொண்டுபோக வேண்டும். ரேடியோவிலும் அப்படியே. சிக்னல் எவ்வளவு வலு என்பதைவிட, இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே முக்கியம். செல்பேசித் திரையில் தெரியும் கம்பிகள் இதை ஒழுங்காகச் சொல்வதில்லை. எத்தனை டெசிபெல்லுக்கு எத்தனை கம்பி என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வரும் இரண்டு எண்கள்தான் நம்பத்தக்கவை: கோபுரத்தின் குறிப்பு அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்று சொல்லும் ஆர்எஸ்ஆர்பி, இரைச்சலையும் பிற கோபுரங்களின் குறுக்கீட்டையும்விட அது எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறது என்று சொல்லும் எஸ்ஐஎன்ஆர்.

இங்கிருந்து ஓர் அழுத்தமான முடிவு கிளம்புகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹரால்ட் ஃப்ரிஸ் 1944இல் அதைத் தெளிவாக எழுதிவைத்தார்: ஒரு வாங்கியில் பல பெருக்கிகள் வரிசையாக இருந்தாலும், இரைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பது முதல் பெருக்கிதான்; அந்த முதல் பெருக்கிக்கு முன்னால் சிக்னல் எவ்வளவு இழக்கிறதோ, அந்த இழப்பைப் பின்னால் வரும் எந்தப் பெருக்கியாலும் மீட்டுத்தர முடியாது. இதற்குக் கண்ணெதிரே சான்று வேண்டுமென்றால், அதே மலைச்சாலையில் மேலே ஏறி உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரைக்குப் போகலாம். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970இல் செயல்படத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு ஒரு மலைச்சரிவின் மேல் படுத்திருக்கிறது. விண்ணிலிருந்து வரும் மிகமிக மெல்லிய அலைகளை அதன் குவியக்கோட்டில் வரிசையாக இருக்கும் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் வாங்குகின்றன. தொடக்கத்தில் அந்த அலை, பெருக்கியை அடையும் முன்பே கம்பிகளிலும் இடைக்கருவிகளிலும் ஒரு பங்கை இழந்துகொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள பொறியாளர்கள் ஒவ்வோர் ஆன்டெனாவின் பின்னாலும், ஒட்டினாற்போல், குறைந்த இரைச்சல் கொண்ட பெருக்கி ஒன்றைப் பொருத்தினார்கள். 1,056 ஆன்டெனாக்களுக்கு 1,056 பெருக்கிகள். தொலைநோக்கியின் அளவு ஓர் அங்குலம் கூடவில்லை, வானமும் மாறவில்லை. ஆனாலும் அதன் உணர்திறன் கணிசமாக உயர்ந்தது. அலை பெருக்கியைச் சேரும் வரை போகும் பாதையைச் சுருக்கியதன் பலன் அது.

இனி மருத்துவ வண்டியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே வைத்த ரவுட்டர் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 120 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைமட்டம் மைனஸ் 125 என்றால் சிக்னல் அதற்கு மேல் 5 டெசிபெல்தான் நிற்கிறது. ஆன்டெனாவைக் கூரைமேல் வைத்தால் தகடு தின்ற 9 டெசிபெல் திரும்பக் கிடைக்கிறது. சிக்னல் இப்போது 14 டெசிபெல் மேலே. கிளாட் ஷானன் 1948இல் நிறுவிய தகவல் கோட்பாட்டின்படி, ஒரு தடத்தில் அனுப்பக்கூடிய தகவலின் உச்ச வரம்பை அதன் அகலமும் இந்த உயரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 5 டெசிபெல்லுக்கும் 14 டெசிபெல்லுக்கும் இடையே அந்த வரம்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. ரவுட்டரை மாற்றாமலேயே கிடைத்த ஆதாயம் இது. கூரை இன்னொரு உதவியும் செய்கிறது. எளிய செங்குத்து ஆன்டெனா ஒன்று அலைநீளத்தில் கால்வாசி உயரம் இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 11 சென்டிமீட்டர், 3500க்கு 2 சென்டிமீட்டர். அதன் அடியில் அகலமான உலோகத் தளம் இருந்தால், தளத்தில் ஓடும் மின்னோட்டம் ஆன்டெனாவின் இல்லாத கீழ்ப்பாதியை ஈடுசெய்கிறது. உள்ளே இருந்தபோது எதிரியாக இருந்த தகடு, வெளியே வந்ததும் ஆன்டெனாவின் பாதியாக வேலை செய்கிறது. அதனால்தான் கூரையின் ஓரத்தைவிட நடுப்பகுதி நல்லது. ஏசி பெட்டி, சாமான் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். கூரை ஃபைபர் கிளாஸாக இருந்தால் உலோகத் தளம் தேவைப்படாத வகை ஆன்டெனாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

கூரையில் மீட்டதைக் கேபிளில் தொலைக்க முடியும். பல வண்டிகளில் நடப்பது அதுதான். ஆன்டெனா கூரையில் இருக்கும், ரவுட்டர் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், நடுவில் ஐந்து மீட்டர் ஒல்லியான கோஆக்சியல் கேபிள் ஓடும். ஆர்ஜி-58 என்ற பரவலான வகைக் கேபிள் 2300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்கிறது. ஐந்து மீட்டருக்கு 5 டெசிபெல். வந்த வலுவில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. மீட்ட 9இல் மிஞ்சுவது 4தான். 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அலையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடி, இழப்பு கூடுகிறது. எல்எம்ஆர்-200 வகைக் கேபிள் இதில் பாதிதான் இழக்கும். எல்எம்ஆர்-400 இன்னும் சிக்கனம், ஆனால் விரல் தடிமன் கொண்ட அதை வண்டியின் உட்கூரைக்குள் வளைத்துக் கொண்டுபோவது பெரும்பாடு. இதற்குச் சரியான விடை, ரவுட்டரை ஆன்டெனாவுக்கு அருகே, கூரையின் உட்புறத்துக்கே தூக்கிக்கொண்டு போவது. கோஆக்சியல் கேபிள் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து கணினி வரை வழக்கமான லேன் கேபிளை இழுக்கலாம். அது எண்ணாக மாறிவிட்ட தகவலைச் சுமப்பதால் நூறு மீட்டர் வரை ஒரு பிட் குறையாமல் கொண்டுசேர்க்கும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு ரவுட்டரின் வைஃபை கிடைக்கும். அந்த உலோகக் கூண்டு இப்போது வைஃபையை உள்ளேயே வைத்திருந்து நன்மை செய்யும்.

வண்டியில் வேலை செய்பவர் கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய நுணுக்கம் ஒன்றும் இங்கே உண்டு. ரவுட்டரின் பின்புறத்தில் பொன்னிறத்தில் சின்னச் சின்னத் திருகு முனைகள் வரிசையாக இருக்கும். செல்பேசி அலைக்கானவை பெரும்பாலும் எஸ்எம்ஏ வகை, வைஃபைக்கானவை ஆர்பி-எஸ்எம்ஏ வகை. இரண்டின் மரையும் ஒன்றே. எதிலும் எதுவும் சுகமாகத் திருகி ஏறிவிடும். வித்தியாசம் நடுவில் இருக்கிறது: ஒன்றில் ஊசி, மற்றொன்றில் துளை. மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் துளையாக அமைந்து நடுக்கம்பி தொடாமலே போகலாம். அல்லது ஊசியும் ஊசியும் மோதி நசுங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு கச்சிதமாகத் தெரியும், சிக்னல் மட்டும் வராது. கேபிளைக் கதவு ரப்பருக்கு நடுவே நசுக்கிக் கொண்டுவருவதும் இப்படிப்பட்ட தவறுதான். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பிக்கும் சுற்றுவலைக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருப்பதால்தான் அலை தடங்கலின்றிப் போகிறது. நசுங்கிய இடத்தில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். வெடிப்பில் மழைநீர் இறங்கினால் இழப்பு மேலும் ஏறும்.

கேபிள்கள் ஏன் இரண்டு, நான்கு என்று வருகின்றன என்ற கேள்வியும் எழும். மலைச்சாலையில் கோபுரத்து அலை நேராக மட்டும் வருவதில்லை. பாறையில், கட்டடத்தில், எதிரே வரும் பேருந்தில் பட்டுப் பல வழிகளில் வந்து சேர்கிறது. இந்தப் பல்வழி அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், அரை அலைநீளத்துக்குள்ளேயே ஒன்றையொன்று அழிக்கும். 1800 மெகாஹெர்ட்ஸில் இந்தத் தூரம் எட்டு சென்டிமீட்டர்தான். நெடுங்காலம் பொறியாளர்கள் இதைத் தொல்லையாக மட்டுமே பார்த்தார்கள். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் விண்ணப்பித்து 1994இல் பெற்ற காப்புரிமை இந்தப் பார்வையை மாற்றியது. அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்புகின்றன. வாங்கும் பக்கத்து இரண்டு ஆன்டெனாக்களிலும் அவை வெவ்வேறு விகிதத்தில் கலந்து வந்து சேர்கின்றன. இரண்டு கலவைகள், இரண்டு தெரியாத செய்திகள். பள்ளிக் கணக்கில் இரண்டு சமன்பாடுகளிலிருந்து இரண்டு விடைகளைப் பிரிப்பதைத்தான் ரவுட்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. மைமோ எனப்படும் இந்த முறை இன்று 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாவற்றுக்கும் அடித்தளம்; பால்ராஜுக்கு 2014இல் மார்கோனி பரிசும் கிடைத்தது. வண்டிக்கு இதிலிருந்து வரும் பாடம்: ரவுட்டரில் இரண்டு செல்பேசி முனைகள் இருந்தால் இரண்டுக்கும் ஆன்டெனா வேண்டும், நான்கு இருந்தால் நான்குக்கும். ஒன்றை மட்டும் கூரைக்குக் கொண்டுபோய் மற்றதைக் காலியாக விட்டால், இரண்டாவது சமன்பாட்டை நாமே கிழித்துப் போட்டதாகும்.

சிக்னல் குறைவாக உள்ள இடத்துக்கு அதிக ஆதாயம் கொண்ட ஆன்டெனாவாக வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆன்டெனா எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. 9 டெசிபெல் ஆதாயம் என்று எழுதியிருக்கும் செங்குத்துக் குச்சி, மேலும் கீழும் போக வேண்டியதைப் பிழிந்து அடிவானத்தை நோக்கித் தட்டையாக அனுப்புகிறது. சமவெளியில் அது நன்மை. மலைச்சாலையில் வண்டி சாய்ந்து ஏறும்போது அந்தத் தட்டையான வீச்சும் சாய்கிறது. கோபுரமோ தலைக்கு மேல் குன்றின் உச்சியில் நிற்கிறது. மேலும் கீழும் ஏழெட்டு டிகிரிக்குள் சுருங்கிய வீச்சு அதைத் தவறவிட்டுவிடும். ஓடும் வண்டிக்கு 3 முதல் 5 டெசிபெல் வரையிலான மிதமான ஆன்டெனாவே நம்பகமானது. ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்று முகாம் நடத்தும் வண்டியானால், கோபுரத்தை நோக்கித் திருப்பி வைக்கும் திசை ஆன்டெனாவைக் கூடுதலாக வைத்துக்கொள்வதில் பொருள் உண்டு.

அடுத்து வருவது பூஸ்டர் பற்றிய கேள்வி. முதல் பெருக்கி ஆன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டுமென்றால், ஊட்டித் தொலைநோக்கியில் செய்ததுபோல் கூரையிலேயே ஒரு பெருக்கியை வைத்துவிடலாமே? ஜிபிஎஸ் ஆன்டெனாவில் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தச் சின்ன வில்லைக்குள்ளேயே ஒரு பெருக்கி இருக்கிறது, அதற்கான மின்சாரம் அதே கேபிளில் ஏறிப்போகிறது. அதனால்தான் நூல்போன்ற கேபிளில் ஐந்து மீட்டர் வந்தும் ஜிபிஎஸ் பிழையின்றி வேலை செய்கிறது. ஆனால் ஜிபிஎஸ் வாங்க மட்டும் செய்கிறது. செல்பேசி அனுப்பவும் வேண்டும். இரு திசையிலும் பெருக்கும் கருவி கோபுரத்தின் காதருகே தன் இரைச்சலையும் சேர்த்துக் கொட்டும். சரியாக அமையாவிட்டால் தன் வெளியீட்டைத் தானே வாங்கி அலறத் தொடங்கி, அந்தக் கோபுரத்தைப் பயன்படுத்தும் அனைவரையும் கெடுக்கும். அதனால் இந்தியாவில் உரிமம் இல்லாமல் சிக்னல் பூஸ்டர் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். வெளி ஆன்டெனா பொருத்திய ரவுட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கோபுரத்தின் கட்டளைப்படி தன் வலுவைக் கூட்டிக் குறைக்கும் சாதாரணச் செல்பேசியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. அனுப்பும் பக்கத்தில்தான் நமக்குப் பற்றாக்குறையும் அதிகம். கோபுரம் பல பத்து வாட்டில் பேசுகிறது. செல்பேசிக்கும் ரவுட்டருக்கும் வழக்கமான உச்சம் 200 மில்லிவாட். 9 டெசிபெல் தகட்டைத் தாண்டி வெளியேறும்போது அது 25 மில்லிவாட்டுக்குச் சமமாகிவிடுகிறது. படம் வந்துவிடுகிறது, இசிஜி போக மறுக்கிறது என்பதற்கு இதுவே காரணம். கூரை ஆன்டெனா இரு திசைக்கும் ஒரே அளவில் உதவுகிறது.

இந்த வாதத்துக்கு எல்லைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கோவை நகருக்குள் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 80 இருக்கும் இடத்தில் கூரை ஆன்டெனாவால் பெரிய மாற்றம் தெரியாது. அங்கே இரைச்சலைவிடப் பக்கத்துக் கோபுரங்களின் குறுக்கீடே தடையாக இருக்கும். ஆன்டெனாவை வெளியே வைத்தால் அவையும் சேர்ந்தே வலுக்கும். பல அலைவரிசைகளை ஒன்றாகக் கோத்துக் கையாளும் விலை கூடிய ரவுட்டர் தன் திறனைக் காட்டுவது அப்படிப்பட்ட இடத்தில்தான். ஷானனின் கோட்பாடே இதைச் சொல்கிறது: இரைச்சலின் விளிம்பில் சிக்னல் இரட்டித்தால் வேகமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும்; ஏற்கெனவே வலுவாக உள்ள சிக்னல் இரட்டித்தால் சிறிதளவே கூடும். வண்டியின் வேகத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு டாப்ளர் விளைவால் வரும் நழுவல் 100 ஹெர்ட்ஸ்தான். நுண்கூறுகளுக்கு இடையே 15,000 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கையில் அது பொருட்டில்லை. 4ஜி வகுக்கப்பட்டதே 350 கிலோமீட்டர் வேக ரயிலையும் மனதில் வைத்துத்தான். மலைமடிப்பு கோபுரத்தை முற்றிலும் மறைத்துவிட்ட இடத்தில் எந்த ஆன்டெனாவும் கைகொடுக்காது. அங்கே பலன் தரக்கூடியது வேறொரு நிறுவனத்தின் சிம். அதன் கோபுரம் வேறு குன்றில் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு சிம் இடமுள்ள ரவுட்டர் வீண்செலவு ஆகாது.

ரவுட்டரைக் கூரையடிக்குக் கொண்டுபோவதில் வெப்பமும் மின்சாரமும் கவனிக்கப்பட வேண்டியவை. அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், 37 டிகிரியைத் தாண்டிய நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மட்டுமே செய்யப்பட்டவை. 70 டிகிரி தாங்கும் தொழிற்சாலை வகை ரவுட்டரும், கூரைத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று போக இடைவெளியும் வேண்டும். கார் மின்கலத்தின் மின்னழுத்தம் எப்போதும் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் பள்ளத்தில் விழும், ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14ஐத் தாண்டும். பேருந்துகளில் 24 வோல்ட். 9 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் ரவுட்டர் இதற்கு ஈடுகொடுக்கும். 8 வாட் இழுக்கும் ரவுட்டர் ஒரு நாளில் 16 ஆம்பியர்-மணி எடுக்கும். 45 ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று நாளுக்குள் தீர்ந்து, அவசரத்துக்கு வண்டி கிளம்பாமல் போகும். சாவியை அணைத்த சிறிது நேரத்தில் ரவுட்டரும் தானாக அணையும்படி இக்னிஷன் வயரைச் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

ஆம்புலன்ஸுக்கும் மருத்துவ வண்டிக்கும் பேருந்துக்கும் கருவி வாங்குவோர் ஒப்பந்தப்புள்ளியில் ரவுட்டரின் மாடலையும் உச்ச வேகத்தையும் விவரமாக எழுதுகிறார்கள். அதோடு மூன்று வரிகள் சேர வேண்டும்: ஆன்டெனா கூரைக்கு வெளியே, ரவுட்டரின் எல்லா முனைகளுக்கும் இருக்க வேண்டும்; ஆன்டெனாவிலிருந்து ரவுட்டர் வரை, வண்டி பயன்படுத்தும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில், கேபிள் இழப்பு ஒரு டெசிபெல்லைத் தாண்டக் கூடாது; வண்டி வழக்கமாகப் போகும் வழியில் சிக்னல் மிகவும் குறைவான ஓரிடத்தில், கதவை மூடி, ரவுட்டரின் சொந்த ஆன்டெனாவோடும் கூரை ஆன்டெனாவை இணைத்தும் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இரண்டையும் அளந்து ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது வரி எல்லாவற்றிலும் முக்கியம். அந்த இரண்டு அளவுகளின் வித்தியாசம் ஏழெட்டு டெசிபெல் இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஒன்றிரண்டு டெசிபெல்தான் என்றால் எங்கோ கேபிள் நசுங்கியிருக்கிறது, அல்லது முனை தொடவில்லை. இந்தச் சோதனைக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், ரவுட்டரே எண்ணைச் சொல்லிவிடும். பத்து நிமிடம் போதும். நோயாளியின் இதயத்துடிப்பு உரிய நேரத்தில் மருத்துவரைச் சென்றடைவது அந்தப் பத்து நிமிடத்தை யாராவது செலவழிப்பதைப் பொறுத்திருக்கிறது என்பதால், அதை ஒப்பந்தத்தில் எழுதிக் கட்டாயமாக்க வேண்டும்.